சுண்ணாம்புக் கணக்கு

1990-களின் கடைசியில் சிங்கப்பூரில் பவளத் தொட்டி வைத்திருந்த ஒருவரிடம், "உங்கள் தண்ணீரில் கால்சியம் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால், "இருக்கும்" என்று பதில் வந்திருக்கும். இன்று அதே ஆளிடம் கேட்டால், "எப்போது? விடியற்காலையிலா, விளக்கு அணைவதற்கு முன்பா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்து, வாரக்கணக்கில் நெளிந்து ஓடும் ஒரு கோட்டைக் காட்டுவார். அந்த இரண்டு ஆளும் நான்தான்.

"இருக்கும்" என்று சொன்ன காலத்தில் நான் நன்றாகத் தூங்கினேன், பவளங்கள் செத்தன. இப்போது பவளங்கள் நன்றாக இருக்கின்றன. முன்னேற்றம் என்பதை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பவளத்துக்கு வேண்டியது என்னவோ அன்றும் இன்றும் ஒன்றுதான். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் கல்லுடம்பைக் கட்டிக்கொள்கிறது. கடலில் எவ்வளவு எடுத்தாலும் குறை தெரியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வரவேற்பறையில் 300 லிட்டர் தண்ணீருக்குள் வைத்தால் தெரியும். ஒரு லிட்டர் கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 410 மில்லிகிராம். காரத்தன்மை, அதாவது நாங்கள் கே.எச். என்று சொல்வது, ஏழு டிகிரி. பவளம் 20 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்தால் கே.எச். 2.8 இறங்கும். அதாவது கால்சியத்தில் இருபதில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது, கே.எச்.சில் ஐந்தில் இரண்டு பங்கு காலியாகியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கால்சியத்தைப் பற்றிக் கேட்பார்கள். தொட்டிக்காரன் கவலைப்படுவது கே.எச். பற்றி. இவற்றோடு லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் வேண்டும். கால்சியமும் கார்பனேட்டும் பவளத்திடம் போய்ச் சேரும் முன்பே தாங்களாகக் கூடிச் சுண்ணாம்பாக உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

எடுத்ததைத் தினமும் திருப்பிப் போட வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் தத்துவம் அவ்வளவே. மிச்சமெல்லாம் எதை வைத்துப் போடுவது, அதற்கு எத்தனை வெள்ளி அழுவது என்பதுதான்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த வழி சுண்ணாம்புத் தண்ணீர். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் ஐரோப்பாவில் பரப்பிய முறை அது. சுட்ட சுண்ணாம்பை நீற்றிக் கரைத்தால் கால்சியமும் காரமும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கிடைத்துவிடும். தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஜெர்மனியிலிருந்து டப்பாவில் வந்த வெள்ளைப் பொடியைக் கடையில் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்து விற்றார்கள். தேக்காவில் வெற்றிலைக் கடைக்காரர் வாழைப்பழம் வாங்கினாலே ஒரு விரல் சுண்ணாம்பை இலவசமாகத் தடவித் தருவாரே, இதற்கு இவ்வளவு விலையா என்று மீன்கடை அங்கிளிடம் கேட்டேன். "அந்தச் சுண்ணாம்பில் வேறு என்னென்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பவளத்துக்கு மட்டும் தெரிந்துவிடும்" என்றார். டப்பாவையே வாங்கினேன்.

கரைப்பதற்கு ஒரு பக்குவம் உண்டு. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குமேல் கரையாது. பொடியைப் போட்டுக் கலக்கி மூடிவைத்தால் பால்போல் இருப்பது மெதுவாகத் தெளியும். அடியில் வெள்ளைச் சேறு தங்கும். மேலே காற்று பட்ட இடத்தில் மெல்லிய ஏடு ஒன்று படியும். விரலால் தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். ஏட்டுக்கும் சேற்றுக்கும் நடுவில் இருக்கிற தெளிநீர் மட்டும்தான் நமக்கு வேண்டியது. அதன் பி.எச். 12.4, விரலில் பட்டால் முதலில் வழுக்கும், பிறகு தோல் வறண்டு சுருங்கும். அதை அப்படியே தொட்டியில் கொட்ட முடியாது, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். எங்கள் எல்லோர் வீட்டிலும் அதற்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப்தான். அதில் இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டி, கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு சொட்டை எண்ணுவோம். இரவில்தான் ஏற்ற வேண்டும். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி இருட்டில் கரியமில வாயுவை உண்ணாது, தண்ணீரின் பி.எச். தானாக இறங்கும், சுண்ணாம்பு அதைத் தூக்கிப் பிடிக்கும். ஆகவே ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் சக்கரத்தை உருட்டிவிட்டுப் படுப்பேன். காலையில் பாட்டில் காலியாக இருந்தால் எல்லாம் நலம் என்று பொருள். அதற்குமேல் தெரிந்துகொள்ள வசதியும் இல்லை, ஆசையும் இல்லை.

பிடோக்கில் இருந்த நண்பர் ஒருவருக்கு நள்ளிரவில் சக்கரம் தளர்ந்து பாட்டில் முழுவதும் சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. காலையில் எழுந்தபோது தொட்டியில் மீனும் தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை, கண்ணாடிக்குள் மோர். கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்காகக் காத்திராமல் தாங்களே கல்லாகிவிட்டன. அவர் சிங்கப்பூரில் பனி பார்த்த முதல் ஆள் என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சக்கரத்தை இறுக்கினோம்.

அளப்பதற்கு டெஸ்ட் கிட் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் நிறம் காட்டும் திரவம் இரண்டு சொட்டு, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து அமிலத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மாறி ஆரஞ்சும் ரோஸும் கலந்த நிறம் வருகிற சொட்டில் நிறுத்த வேண்டும். அந்தக் கடைசிச் சொட்டு எது என்பதில் எனக்கும் மனைவிக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. "வந்திருச்சுங்க, நிறுத்துங்க" என்பாள். "இன்னும் நீலம் இருக்கு" என்பேன். சேலைக்கடையில் நிறம் பார்க்கத் தெரியாதவர் இங்கே மட்டும் எப்படிப் பார்ப்பார் என்பது அவள் கட்சி. எங்கள் வீட்டில் கே.எச். எட்டா, ஒன்பதா என்பது அன்று யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பிறகு பாட்டில்கள் வந்தன. ஸ்ட்ரான்டியம், அயோடின், "நுண்சத்து" என்று மட்டும் போட்டு உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாத பாட்டில்கள். வாரம் ஒரு மூடி என்று அளவு; தொட்டி பெரிதோ சிறிதோ, உள்ளே இருப்பது பத்துப் பவளமோ ஒன்றோ, அதே மூடி. பவளம் கொஞ்சம் வளர்ந்தால் பாட்டிலுக்குப் புகழ். செத்தால், "இன்னொரு மூடி போட்டிருக்கணும்" என்பார்கள். கடல்நீரில் அயோடின் இருப்பதே லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான். அதை அளக்கும் வழி எங்களில் யாரிடமும் இல்லை. ஆனாலும் அயோடின் குறைபாடு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே நான்கைந்து பேர் இருந்தார்கள்.

இந்த மாயத்தை உடைத்தவர்கள் வேதியியல் தெரிந்தவர்கள். ஜெர்மனியில் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் வகுத்த முறையும், அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி எழுதிய வீட்டுச் செய்முறையும் பரவியபோது, விலை உயர்ந்த பாட்டில்களில் இருந்தது என்ன என்று வெட்டவெளிச்சமாயிற்று. ஒரு பாட்டில் ஆப்பசோடா. இன்னொன்று கால்சியம் குளோரைடு; துணி அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கிறோமே, அந்த டப்பாவில் இருக்கும் அதே சரக்கு. மக்னீசியத்துக்குப் போடுவதில் ஒரு பங்கு பேதி உப்பு. இத்தனை வருஷம் வெளிநாட்டு லேபிளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதெல்லாம் மளிகைக்கடைச் சாமானுக்குத்தான்.

ஆப்பசோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வாட்டினால் நீரும் கரியமில வாயுவும் போய்ச் சலவை சோடாவாக மாறும். அதைக் கரைத்து ஊற்றினால் பி.எச். கூடுதலாக உயரும். என் மனைவி அந்த ஓவனை வாங்கியது கேக் செய்ய. சோடா வேகும் நாட்களில் அவள் சமையலறைக்கு வருவதில்லை; வந்தாலும் பேசுவதில்லை. கால்சியக் கரைசலையும் சோடாக் கரைசலையும் ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது, இரண்டும் சந்தித்தால் அந்த நொடியே சுண்ணாம்புக் கட்டி. ஆகவே ஒன்று காலையில், மற்றது மாலையில். வீட்டில் பேச்சுவார்த்தைக்கும் அதே அட்டவணை.

பிறகு ஓட்கா வந்தது. தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் பாசி மண்டும் என்பது அன்றைய வேதம். மதுவைச் சில மில்லி ஊற்றினால் பாக்டீரியா அதைத் தின்று பெருகும்; பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும்; நுரைபிரிக்கும் ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை வெளியே தள்ளிவிடும். அருமையான ஏற்பாடுதான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்து பார்க்கும்வரை. "மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கமும் இல்லைன்னுதானடி விசாரிச்சோம்?" என்று மகளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. "அது மீனுக்கும்மா" என்றாள் இவள். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மீனுக்கா?" என்றபோது குரலில் இருந்தது சந்தேகம் அல்ல, மகளை நினைத்த இரக்கம். அடுத்த வாரமே வினிகருக்கு மாறினேன். பாக்டீரியாவுக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான்.

இவ்வளவு பாடுபட்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். பூஜ்யம் வந்ததும் பவளம் வெளிறியது. மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளிபோன்ற ஒன்று நூல்நூலாக, முனையில் காற்றுக் குமிழியோடு கிளம்பியது. டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரிகள். மற்ற பாசிகள் பட்டினியில் ஒதுங்கிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறவை. அதற்குச் சிகிச்சையாக இன்று கடையில் என்ன விற்கிறார்கள்? பாட்டிலில் அடைத்த நைட்ரேட், பாட்டிலில் அடைத்த பாஸ்பேட். நீக்குவதற்குப் பணம் கொடுத்த அதே கடையில், திரும்பச் சேர்ப்பதற்கும் பணம் கொடுக்கிறேன். அங்கிள் காலமாகிவிட்டார், அவர் மகன் இரண்டு பாட்டில்களையும் அடுத்தடுத்த தட்டில் வைத்திருக்கிறார்.

இப்போதைய ஏற்பாட்டைப் பார்க்க வருகிறவர்கள் தொட்டியைவிடக் கீழ் அலமாரியைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். வரிசையாக டோசிங் பம்புகள். ஒவ்வொன்றிலும் சின்ன உருளைகள் ரப்பர் குழாயை அழுத்தி உருண்டு, பத்தில் ஒரு மில்லி கணக்கில் திரவத்தைத் தள்ளுகின்றன. பக்கத்தில் தானே தண்ணீர் உறிஞ்சி, தானே சொட்டுவிட்டு, தானே கே.எச். பார்க்கும் இயந்திரம். நாள் முழுவதும் விட்டுவிட்டு அளக்கிறது; ஆரஞ்சா ரோஸா என்று யாரையும் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு விவாதத்தை இயந்திரம் முடித்துவைத்தது அதுவே முதல்முறை. இதற்குமேல், தண்ணீரைக் குப்பியில் அடைத்து ஜெர்மனி ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பினால், முப்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அளந்து பட்டியல் வரும். குறைவானது சிவப்பில். சிவப்புக்கு நேரே வாங்க வேண்டிய பாட்டிலின் பெயர். நோயைச் சொல்கிறவரும் மருந்து விற்கிறவரும் ஒருவரே என்பதில் எவ்வளவு சௌகரியம்!

ராமநாதபுரத்தில் தங்கை மகள் திருமணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது: கே.எச். 7.2. பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்து, "யாருக்காவது முடியலையா?" என்றார். 7.2 என்பது இயற்கைக் கடலின் அளவைவிடக் கூடுதல். கடலில் இருக்கும் பவளம் அதைக் கேட்டால் சிரிக்கும். ஆனால் நான் வைத்திருப்பது 8.3-ல். அக்ரோபோரா போன்ற பவளங்களுக்கு எண் எது என்பதைவிட எண் அசையாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரே நாளில் ஒரு டிகிரி ஏறி இறங்கினால் கிளை நுனி வெந்ததுபோல் வெளுக்கும். "இறங்கிட்டே வருதே, என்ன பம்ப் அடைச்சிருச்சா பாரு" என்று கைப்பேசியில் மேளச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்த தாய்மாமனை, மணமகன் வீட்டார் வேறு மாதிரி நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

இன்னொரு விசித்திரம் பி.எச். கோடு. தீபாவளியன்று வீடு நிறைய விருந்தாளிகள். ஏர்கான் போட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. மறுநாள் பார்த்தால் மதியம் பன்னிரண்டிலிருந்து கோடு சரிந்து, கடைசி விருந்தாளி கிளம்பிய பிறகு மெல்ல ஏறியிருக்கிறது. அத்தனை பேர் விட்ட மூச்சில் அறையில் கரியமில வாயு கூடி, அது தண்ணீரில் கரைந்து பி.எச்.சை இறக்கியிருக்கிறது. யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று என்னால் இப்போது சொல்ல முடியும். சின்ன மைத்துனர் அதிக நேரம் இருந்தார். இதற்கு ஒரு பரிகாரம் உண்டு: ஸ்கிம்மர் காற்று உறிஞ்சும் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுவது. அப்படியே செய்தேன். தொட்டி வெளிக்காற்றைச் சுவாசித்தது. நாங்கள் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்தோம். ஜன்னல் இடுக்கில் கொசு வரத் தொடங்கியதும் மனைவி குழாயைச் சுருட்டி என் மேசைமேல் வைத்துவிட்டாள்.

அப்போது கடைக்காரப் பையன் குரலைத் தாழ்த்திச் சொன்ன புதிய வழி: "இப்ப எல்லாரும் சுண்ணாம்புத் தண்ணிக்குப் போயிட்டாங்க அண்ணா. பி.எச். தூக்குறதுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை." அவன் பிறப்பதற்கு முன்பே நான் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் இரண்டு லிட்டர் சுண்ணாம்புநீர், இந்தத் தடவை பம்ப் வழியாக. உள்ளே நடப்பது அதே வேதியியல்: சுண்ணாம்பு அறையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துப் பவளத்துக்கு உணவாக்குகிறது. சின்ன மைத்துனர் விட்ட மூச்சும் எங்கேயோ ஒரு கிளையில் கல்லாகியிருக்கும்.

இதைப் பாம்பனில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோதுதான், "என்னப்பா, சுண்ணாம்பை விலைக்கு வாங்கிக் கடத்தண்ணியில கலந்து கல்லு வளக்குறியா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தாத்தா மாட்டுவண்டியில் கல் அடித்தவர். கல் என்றால் மன்னார் வளைகுடாவில் பெயர்த்தெடுத்த பவளக்கல். காளவாயில் அடுக்கிச் சுட்டால் கரியமில வாயு போய்விடும், சுண்ணாம்பு நிற்கும். ஊர்ச் சுவரெல்லாம் அந்தச் சுண்ணாம்பு. சுடாத கல்லே சுவராக நின்ற இடங்களும் உண்டு. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்னும் நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடங்களில் பவளத்தின் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். 1986-ல் அந்தக் கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில் சேர்ந்தன. தாத்தா வண்டியில் ஏற்றியதை இன்று அங்கே கையில் எடுத்தாலே சிறைதான். நான் வளர்ப்பது சிங்கப்பூர்க் கடையில் வாங்கிய, தொட்டியிலேயே வெட்டி வளர்த்த கிளைகள்.

சித்தப்பா தொலைபேசியை வைத்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பொழுதுபோக்கில் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம் பவளக்கல்லாகும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் என்றால், ஒரு லிட்டர் சுண்ணாம்புநீரில் இரண்டு கிராம் கல். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர், நான்கு கிராம். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை, தொட்டி ஒருநாளும் மோராகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், தாத்தா ஒரு நடையில் ஏற்றிய ஒரு டன் கல்லைத் திருப்பி வளர்க்க 2,50,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ 685 ஆண்டுகள் ஆகும். ஒரே ஒரு வண்டிக்கு. பம்பின் செயலியில் இலக்குத் தேதி போட இடம் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், அவ்வளவு தூரத்துக்கு அதில் நாட்காட்டி இல்லை, உத்தரவாதம் இரண்டு வருஷத்துக்குத்தான்.